ஐம்பதடி ஆறு

மே 11, மாலை மூன்று மணி
இக்கரை

அக்கரைச் சீமையைக் கட்டி ஆளும் மகாராணியின் சமூகத்துக்கு, இக்கரையில் ஒரு பாறையையும் அரைப் பாக்கெட் பிஸ்கட்டையும் ஆண்டு வரும் உன் அப்பன் எழுதிக்கொள்வது.

முதலில் மன்னிப்பு. இந்தக் கடிதம் உன் தோளைப் பதம் பார்த்திருந்தால் அது கல்லின் குற்றம், என் குறியின் குற்றமல்ல. இருபது தடவை கத்திப் பார்த்தேன். நீ அங்கே வாயைத் திறந்து மூடுவது தெரிகிறது. காதில் விழுவதோ ஆறு மட்டும்தான். ஆயிரம் லாரி ஒரே சமயத்தில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. ஆகவே காலுறைத் தபால் துறையை இன்று துவக்கி வைக்கிறேன். கடிதம் ரொட்டிப் பையில், பை காலுறையில், காலுறைக்குள் ஒரு கல். நாலு நாள் நடந்த காலுறையின் வாசனைக்குத் துறை பொறுப்பாகாது.

நடந்தது என்னவென்று கேட்பாய். நீ கோபமாக, கம்பிக்கயிற்றில் தொங்கும் இழுவைத் தொட்டியில் ஏறி, கயிற்றை இழுத்து அக்கரை போய், திரும்பிக்கூடப் பார்க்காமல் வளைவில் மறைந்தாயா? நான் தொட்டியை இங்கே இழுத்தேன். காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போகிறேன், வானம் இருண்டது. பார்த்தால் கழுகு. நீ பார்த்திருக்கும் கழுகு இல்லை; ஒற்றைச் சிறகில் நாலு குடித்தனம் வைக்கலாம். அது கம்பிக்கயிற்றின் நடுவில் வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், டமார். கயிறு ஆற்றில், தொட்டி ஆற்றில், கழுகு எங்கோ. நான் மட்டும் எட்டிக் குதித்து இந்தப் பாறையில் கம்பீரமாக அமர்ந்தேன். அமர்ந்தபடியே இருக்கிறேன். இயற்கைக் காட்சி அப்படி. எழுந்திருக்க மனசு வரவில்லை.

கவலைப்படாதே. யோசிப்போம்.

முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட்டைப் பழுது பார்த்து ஊரையே ஏற்றி இறக்கி, இப்போது தானே நடுமாடியில் மாட்டிக்கொண்ட
அப்பா


மே 11, நாலேகால்

அப்பா,

கழுகை விடுங்கள்.

சத்தம் கேட்டு ஓடி வந்தேன். நீங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்துவிட்டது. என்ன செய்ய?

நாம் இந்த மலை நடைக்கு வந்ததற்கு ஒரே நிபந்தனைதான் வைத்தேன். ஏழு நாள், நீங்களும் நானும், ஒரு பொய் கிடையாது. போன வருடம் "பல்லு புடுங்கப் போறேன்டா" என்று போனில் சொல்லிவிட்டு இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தீர்கள். எனக்கு மூன்று மாதம் கழித்து, அதுவும் எதிர்வீட்டு டீச்சர் சொல்லித் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஊரில் இருப்பவன் எலும்பெல்லாம் எனக்குத் தெரியும், பெற்ற அப்பாவின் நெஞ்சு மட்டும் தெரியாது. அதற்காகத்தான் இந்த ஏழு நாள். இன்று காலை உங்கள் பையைத் திறந்தால் என் சுமையில் பாதி அதற்குள் இருக்கிறது. "என் பை பஞ்சு மாதிரி இருக்கு கண்ணு" என்று மூன்று நாளாகச் சொன்னீர்களே, அந்தப் பஞ்சு. அடுப்பு, எண்ணெய்ப் புட்டி, அரிசி, எல்லாம். கத்தினேன். எல்லாவற்றையும் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டேன். கத்தியதற்கு வருந்தவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனதற்கு வருந்துகிறேன்.

அதனால் இப்போது சாப்பாடு, அடுப்பு, உங்கள் மாத்திரை எல்லாம் என்னிடம். கூடாரமும் முதலுதவிப் பெட்டியும் உங்களிடம். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. இரண்டு மாத்திரையும் ரொட்டியும் இந்தக் காலுறையில் இருக்கிறது. உடனே போடுங்கள். மழை வரும் போலிருக்கிறது. கூடாரத்தை அடியுங்கள். நான் பாறை இடுக்கில் சமாளித்துக்கொள்வேன்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அடி பட்டதா?


மே 11, ஐந்து மணி

மகாராணிக்கு,

மாத்திரை உள்ளே போயிற்று. ரொட்டி பின்னாலேயே போயிற்று. அடியா? எனக்கா? அடிதான் என்னைக் கண்டு அடிபட்டுப் போயிருக்கும்.

தூங்கு.


மே 12, காலை ஏழு

கண்ணு,

நேற்றைய மழை ஒரு மழையா? மேலே யாரோ தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டார்கள். ஆறு இரண்டடி ஏறியிருக்கிறது பார். நான் கூடாரத்துக்குள் மாப்பிள்ளை மாதிரி புரண்டு புரண்டு தூங்கினேன்.

சபையில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. நான் வந்த வழியே திரும்பி நடக்கிறேன், மூன்று நாள். நீ உன் பக்கத்து மலை முகட்டைத் தாண்டினால் ஒரு நாளில் வனக்காவல் சாவடி, அங்கிருந்து பஸ். வீட்டுக்கு யார் முதலில் போகிறார்களோ அவர்கள் மற்றவருக்கு டீ போட வேண்டும். கொஞ்சம் சாப்பாட்டை மட்டும் எறிந்துவிட்டுக் கிளம்பு. அம்மாவிடம் கழுகைப் பற்றி மூச்சுவிடாதே. அவள் என்னைக் கட்டிக்கொண்டு முப்பது வருடமாகிறது, நம்ப மாட்டாள்.


மே 12, ஏழரை

அப்பா,

நேற்று மூன்று மணியிலிருந்து நீங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூடாரம் அடிக்கவில்லை. துணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தீர்கள். எனக்குக் கண் இருக்கிறது.

எழுந்து நில்லுங்கள். பத்தடி நடந்து காட்டுங்கள். கையை ஆட்டுங்கள். பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்.


மே 12, ஏழே முக்கால்

ராஜாதி ராஜர்கள் கட்டளைக்கு எழுவதில்லை. ஆனாலும் பெற்ற பாசம். அரை மணி நேரம் கொடு. அந்த வேப்பமரம் மாதிரி இருக்கும் புதருக்குப் பின்னால் போய் முகம் கழுவிக்கொள். நீ பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.


மே 12, பதினொன்று நாற்பது

அப்பா,

திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் நின்றீர்கள். கம்பிக்கயிறு கட்டியிருந்த இரும்புத் தூணில் சாய்ந்துகொண்டு தொப்பியைக் கழற்றி வீசினீர்கள், மேடையில் பரிசு வாங்குகிறவர் மாதிரி தலை வணங்கினீர்கள், வானத்தைக் காட்டிக் கழுகு மாதிரி இரண்டு கையையும் அடித்தீர்கள். சிரித்துவிட்டேன். சிரித்த சிரிப்பில் நீங்கள் ஓரடிகூட நடக்கவில்லை என்பதை மறந்துவிட்டேன். அதற்குத்தானே அந்தக் கூத்து?

இரண்டு மணி நேரம் மேலே ஏறியிருப்பேன். ஷூ லேஸ் அவிழ்ந்தது. குனிந்து என் பாதத்தைப் பார்த்ததும் உங்கள் வலது பாதம் ஞாபகம் வந்தது. நிற்கிற மனிதனின் பாதம் அப்படி வெளிப்பக்கமாக விழுந்து கிடக்காது. ஒரு நாளைக்கு அறுபது காலைப் பார்க்கிறவள் நான். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருக்கிறது.

என்னை அனுப்பிவைத்துவிட்டு அங்கே உட்கார்ந்து என்ன செய்வதாக உத்தேசம்?

பதில் வேண்டாம். முந்நூறு அடி மேலே ஆறு அகலமாகிறது. அகலமாக இருந்தால் ஆழம் குறைவாக இருக்கும். பையை இங்கேயே போட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்கு இறங்குகிறேன்.


மே 12, பதினொன்று ஐம்பது

இறங்காதே.

நேற்று அந்த இடத்தில் ஒரு பெரிய மரக்கட்டை போனதைப் பார்த்தேன். இங்கே வரும்போது அது இரண்டு துண்டு. இறங்காதே. இதைப் படித்ததும் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காட்டு. காட்டும்வரை அடுத்த வரியை எழுத மாட்டேன்.

காட்டினாய். இது அடுத்த காலுறை. சரி. இனி ஜோடனை இல்லை.

கால் உடைந்திருக்கிறது. நீ சொன்ன இடம்தான். நான் நின்றது நானாக நின்றதல்ல. தூணின் தலையில் இருக்கும் வளையத்தில் கூடாரக் கயிற்றைப் போட்டு, ஒரு முனையை அக்குளுக்குக் கீழே கட்டினேன். மறுமுனையில் என் பையைக் கட்டி, அதில் கல்லாக நிரப்பித் தொங்கவிட்டேன். லிஃப்ட் எப்படி ஏறுகிறதோ அப்படித்தான் உன் அப்பன் ஏறினான். இறங்கும்போது மயக்கம் போட்டுவிட்டேன். அப்போது நீ வளைவைத் தாண்டியிருந்தாய்.

கழுகு இல்லை.

நீ போன பிறகு தொட்டியை இழுத்தேன். கம்பிக்கயிற்றின் முனையை மடக்கித் தூணோடு பிடித்திருந்த கிளாம்ப்பைப் பார்த்தேன். எவனோ தலைகீழாக மாட்டியிருந்தான். நட்டு இருக்க வேண்டிய பக்கம் வளைவு, வளைவு இருக்க வேண்டிய பக்கம் நட்டு. முப்பத்திரண்டு வருடமாக அப்படி ஒன்றைப் பார்த்தால் என் கை சும்மா இருந்ததில்லை. அதோடு உன் கோபம் வேறு. உருப்படியாக ஒரு வேலை செய்துவிட்டு, அக்கரை வந்து, "உங்கப்பன் வெறும் வாய் இல்லடி, பார்த்தியா" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஸ்பானரை எடுத்துத் தளர்த்தினேன்.

லிஃப்ட்டுக்கு ஆறு கயிறு. ஒன்றைக் கழற்றினால் ஐந்து பிடித்துக்கொள்ளும். ஐந்தும் போனால் கீழே கொக்கி கவ்வும். என் கைக்குப் பழக்கம் அது. இங்கே இருந்தது ஒன்றே ஒன்று. மூன்றாவது சுற்றில் கயிறு சாட்டை மாதிரி அடித்துக்கொண்டு போயிற்று. போகிற போக்கில் என் காலையும் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஆக, உன்னையும் என்னையும் பிரித்தவன் நான்தான். திட்டு. ஆனால் அக்கரையில் நின்று திட்டு.


மே 12, பன்னிரண்டே கால்

திட்டத் தெம்பில்லை.

கால் விரல்கள் அசைகின்றனவா? எத்தனை? என்ன நிறம்? தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிகிறதா? நெஞ்சில் வலி உண்டா? நாடி எவ்வளவு? ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள், கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள். காய்ச்சல் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். ஒரு உவமைகூட எழுதக் கூடாது.

கூடாரத்துக் கம்பிகளில் இரண்டை எடுத்துக் காலின் இரு பக்கமும் வைத்து, முழங்காலுக்கு மேலிருந்து குதிகால் வரை கட்டுங்கள். விரல் நீலமானால் கட்டைத் தளர்த்துங்கள். நிமிர்த்த முயற்சி செய்யாதீர்கள்.

மாத்திரை எட்டு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே காலுறையில் போட பயமாக இருக்கிறது. நாலு நாலாக எறிகிறேன்.


மே 12, ஒன்றேகால்

விரல் ஐந்தும் அசைகின்றன. வெளுத்திருக்கின்றன. எலும்பு தெரியவில்லை, தோலுக்கு அடியில் முட்டிக்கொண்டு இருக்கிறது. நெஞ்சில் வலி இல்லை. நாடி நூற்று நாலு. காய்ச்சல் கொஞ்சம். கட்டுப் போட்டுவிட்டேன். கத்தினேன். உனக்குக் கேட்டிருக்காது, ஆறு வாழ்க.

முதல் காலுறை வந்தது. இரண்டாவது பாறையின் நுனியில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. நீ பார்த்தாய். தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். உட்காராதே. நாலு மாத்திரை இரண்டு நாளைக்கு வரும். குறி தப்பியது, அவ்வளவுதான். நான் ஒரு கம்பிக்கயிற்றையே ஆற்றில் விட்டவன்.

பயமாக இருக்கிறது கண்ணு. இதை நான் யாருக்கும் எழுதியதில்லை. பயமாக இருப்பதால் சொல்கிறேன், இங்கே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்காதே. போ. போய் ஆளைக் கூட்டி வா.


மே 12, ஒன்றரை

போகிறேன். நீங்கள் எழுதியதை நம்பிப் போகிறேன். மீதி ரொட்டியும் வெல்லமும் எறிந்திருக்கிறேன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நாளை மறுநாள் மதியத்துக்குள் வருவேன்.


மே 13, பிற்பகல் மூன்று
எறிய ஆளில்லாத கடிதம்

கண்ணு,

எதிர்க்கரையில் ஆளில்லை. கைப்பழக்கம், எழுதுகிறேன்.

பேச்சுத் துணைக்கு என் கால்தான். நேற்றுவரை நல்ல பிள்ளையாக இருந்தது. இன்று பூசணிக்காய் அளவுக்கு வீங்கிக்கொண்டு திமிராகப் பேசுகிறது. உவமை எழுதாதே என்றாய். நீ இல்லாதபோது எழுதினால் கணக்கில் வராது.

காலையில் ஒரு மாத்திரை. இன்னும் ஒன்று இருக்கிறது. வெல்லத்தில் எறும்பு வந்துவிட்டது. தட்டிவிட்டுத் தின்றேன்.

பல் பிடுங்குகிற கதைக்கு வருவோம். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாய், உன் வேலை கெடும், அதனால்தான் சொல்லவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன், டீச்சரிடம் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அதுவும் பொய்தான். அன்று ஆஸ்பத்திரியில் பச்சைத் துணியை மாட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி லிஃப்ட். நான் பழுது பார்த்த லிஃப்ட்தான். கதவு மூடியதும் அழுதேன். தள்ளிக்கொண்டு வந்தவர், "என்ன சார், இந்த லிஃப்ட்ல ஏறுறதுக்கா பயம்? நம்ம லிஃப்ட் மாமா போன வாரந்தான் சரி பண்ணிட்டுப் போனாரு" என்றார். நான்தான் அந்த மாமா என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த மூஞ்சியை நீ பார்த்துவிடக் கூடாது. அதற்காகத்தான் அவ்வளவு பொய். உன் வேலைக்காக இல்லை.

நீ இந்த நேரம் சாவடிக்குப் போயிருப்பாய். போயிருக்க வேண்டும். மேலே மேகம் இறங்கி நிற்கிறது. நீ வழுக்கியிருந்தால் எனக்கு யார் வந்து சொல்வார்கள்? நேற்று போ போ என்று விரட்டினேன். இன்று அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண் எரிகிறது.


மே 14, காலை பதினொன்றரை

அப்பா,

வந்துவிட்டேன். கையைத் தூக்கினீர்களே, அது போதும், கடவுளே, அது போதும்.

இரண்டு வனக்காவலர்கள் வந்திருக்கிறார்கள். மீசை வைத்தவர் பெரியவர், மற்றவர் அவருடைய மருமகன். பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மேகம் கலையாமல் ஹெலிகாப்டர் வராது, எப்போது கலையும் என்று தெரியாது. மேலே இருக்கும் பாலத்தைச் சுற்றி நடந்து உங்கள் பக்கம் வர மூன்று நாள். இன்னொரு வழி இருக்கிறது. அவர்களிடம் நல்ல கயிறு இருக்கிறது. ஒரு முனையை உங்களுக்கு எறிவோம். நீங்கள் அதை இரும்புத் தூணில் கட்ட வேண்டும். இந்தப் பக்கம் நாங்கள் பாறையில் கட்டுவோம். அதில் தொங்கிக்கொண்டு ஒரு ஆள் வரலாம். மூன்று பேரில் நான்தான் லேசு, ஐம்பத்து நாலு கிலோ. மருந்தோடு நான் வந்து உங்களோடு இருக்கிறேன். இவர்கள் சுற்றி வந்து நம் இருவரையும் தூக்கிக்கொண்டு போவார்கள்.

பெரியவர் ஒன்று சொல்கிறார். "அந்தப் பக்கம் தூணை நான் பார்க்கலம்மா. அங்க இருக்கிறவரு தாங்கும்னு கைப்பட எழுதிக் குடுத்தாத்தான் உன்னை விடுவேன். உங்கப்பா லிஃப்ட்டுக்காரருன்னு சொல்றியே, அவருக்குத் தெரியாததா?"

தூணைப் பாருங்கள். எழுதுங்கள். இதயத்து மாத்திரை இவர்களிடம் இல்லை. வலி மாத்திரை மட்டும் இதில் வைத்திருக்கிறேன். உங்களிடம் ஒன்றும் மீதமிருக்காது என்று எனக்குத் தெரியும்.


மே 14, பன்னிரண்டு பத்து

கண்ணு,

தவழ்ந்து போய்ப் பார்த்தேன். தூணின் அடித்தட்டைப் பாறையில் மூன்று போல்ட் பிடித்திருக்கிறது. ஒன்றில் விரிசல். இரண்டு ஆடுகின்றன. என்னை மட்டும் நேராக மேலே தூக்கியபோது தாங்கியது. ஆற்றுக்குக் குறுக்கே இழுத்தால் இழுப்பு பல மடங்கு. அதற்குத் தாங்காது.

வராதே. சுற்றி வா. மூன்று நாள் இருக்கிறேன்.


மே 14, பன்னிரண்டு இருபது

மறுபடியுமா அப்பா?

தாங்காது என்று எழுதினால் நான் வரமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு ஆபத்து வரக் கூடாது, நீங்கள் மட்டும் கிடந்து சாக வேண்டும். அடுப்பையும் அரிசியையும் உங்கள் பைக்குள் ஒளித்தீர்களே, அதேதான் இது. நேற்று முன்தினம் அதே தூணில் தொங்கிக்கொண்டு எனக்கு ஆட்டம் காட்டினீர்கள். இன்று விரிசலாம்.

பத்து நாள் கழித்து நான் எக்ஸ்ரே மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, அவர் பொய்தான் சொன்னார், போயிருக்கலாம், போயிருந்தால் இருந்திருப்பார் என்று நினைக்க வேண்டுமா? ஆயுசு முழுக்கவா?

உங்களை எப்படி நம்புவது என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு வழி தெரியவில்லை. பெரியவர் என்ன எழுதியிருக்கு என்று கேட்கிறார். அவர் கண்ணாடி கொண்டு வரவில்லை, மருமகன் கயிற்றோடு இருக்கிறார். தாங்கும் என்று எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். நானும் உங்கள் மகள்தானே, பொய் சொல்ல வராதா?

கயிற்றை எறிகிறோம். கட்டுங்கள்.


மே 14, ஒரு மணி

கயிறு வந்தது. கட்டவில்லை.

நீ கேட்டது நியாயம். என் வார்த்தைக்கு உன்னிடம் மதிப்பில்லை. அதை நானே தின்று தீர்த்துவிட்டேன். அதனால் வார்த்தையை அனுப்பவில்லை. இந்தக் காலுறையில் கல்லுக்குப் பதிலாக இருப்பது அந்த போல்ட். விரிசல் விட்டது. ஸ்பானரை மாட்டிக் கால் சுற்று திருப்பினேன், தலை கையோடு வந்துவிட்டது. இப்போது தூண் சாய்ந்துவிட்டது. நானே நினைத்தாலும் இனி அதில் ஒரு ஈரத்துணிகூடக் காயப்போட முடியாது.

இதைக் கழற்றினால் நீ வர வழியே இல்லாமல் போகும் என்று தெரியும். ஸ்பானரை வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அந்த ஆசை எவ்வளவு பெரிது என்று அளந்து சொல்ல என்னிடமே உவமை இல்லை. அப்புறம்தான் திருப்பினேன்.

இந்த முறிவைப் பார். அடுத்தவர் முறிவைப் படிக்கிற வேலைதானே உனக்கு? இதையும் படி. நேற்று எழுதியது ஒன்றும் உள்ளே இருக்கிறது.


மே 14, ஒன்று நாற்பது

அப்பா,

பார்த்தேன்.

முறிந்த பரப்பில் முக்கால் பங்கு பழைய துரு, கருப்பாக. ஓரத்தில் மட்டும் ஒரு பிறை அளவுக்குப் புதுசு, பளபளவென்று. பழைய முறிவுக்கும் புது முறிவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். இது நீங்கள் கழற்றியதால் உடைந்ததல்ல. வருடக்கணக்காக உடைந்துதான் இருந்திருக்கிறது. அந்தப் பிறை அளவு இரும்பில் தொங்கிக்கொண்டுதான் நான் அன்றைக்கு இந்தக் கரைக்கு வந்தேன். உங்கள் மேல் இருந்த கோபத்தில் கீழேகூடப் பார்க்கவில்லை.

பெரியவரிடம் காட்டினேன். கையில் வாங்கி முறிவை விரலால் தடவிப் பார்த்தார். "உங்கப்பாரு வாயால சொல்லியிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.

நம்புகிறேன். வரவில்லை. சுற்றி வருகிறேன். மருமகன் இந்தக் கரையிலேயே இருப்பார். உங்களுக்குச் சாப்பாடு எறிவார், எப்போதும் உங்கள் கண்ணில் படுவார். பெரியவர் மூன்று நாள் என்கிறார். நான் இரண்டரையில் நடப்பேன்.

நேற்றைய கடிதத்தைப் படித்தேன். அந்த மூஞ்சியை எனக்குக் காட்டியிருக்கலாம். நான் எக்ஸ்ரே எடுப்பவள் அப்பா, அழுகிற மூஞ்சிகளைத்தான் நாள் முழுக்க நேராக நிற்க வைக்கிறேன்.

கிளம்ப மனசு வரவில்லை. ஒன்று கேட்கிறேன். நான் வரும்வரை இருப்பேன் என்று எழுதி எறியுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. நிபந்தனையை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எப்போதும் போல பெரிசாக, நூறு வருஷம், இருநூறு வருஷம் என்று எழுதுங்கள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடப்பேன்.


மே 14, இரண்டு மணி

கண்ணு,

இத்தனை வருட சர்வீஸில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் பொய்யைக் கேட்டு வாங்க வந்திருக்கிறார். கடையைத் திறந்து பார்த்தேன். சரக்கு இல்லை.

இருப்பேனா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதுகிறேன். மணி இரண்டு. ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன்; நாடி நூற்றுப் பதினெட்டு. காய்ச்சல் இருக்கிறது. விரல்களில் மூன்று அசைகின்றன, இரண்டு அசையவில்லை. நெஞ்சில் வலி இல்லை. தண்ணீர் இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, எதிரில் ஒரு ஆள் இருக்கிறார். ஒவ்வொரு மணிக்கும் எண்ணி எழுதி வைப்பேன். குறைந்தாலும் கூடினாலும் உள்ளபடிதான் எழுதுவேன். வந்து பார்த்துக்கொள்.

இதை வைத்துக்கொண்டு நட.

அப்பா